ஒரு வகுப்பே சாய்ந்து நடந்த விவரம்

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அக்கா அவர்களுக்கு, தம்பி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது.

தாங்களும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. அப்படி எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் அதை எழுதிவிட்டு, கீழே வரப்போகிற சங்கதிகளையும் எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும். ஆகவே சுகத்தைக் கடைசிக்கு ஒத்திவைக்கிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். போனில் சொன்னால் தாங்கள் பாதியில் சிரிப்பீர்கள், மீதிப் பாதியில் எனக்குப் புத்தி சொல்வீர்கள். கடிதத்தில் அந்த இரண்டுக்கும் வழியில்லை, முழுசாகக் கேட்டே ஆகவேண்டும்.

தாங்கள் போன தடவை இங்கு வந்திருந்தபோது என் மகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு ஒரு வாக்குச் சொன்னது நினைவிருக்கும். வைத்த இடத்தில் உட்காருவாள், தட்டில் போட்டதைச் சாப்பிடுவாள், கதவைக்கூடச் சத்தம் வராமல் சாத்துவாள். அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். தாங்கள் கவலைப்பட்டீர்கள். "ஒத்தைப் பிள்ளையைப் பூட்டி வெச்சு வளர்க்காதடா. நாலு பிள்ளைங்களோட பழகட்டும். பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்" என்றீர்கள். தங்கள் வாக்கை நான் எப்போது தட்டியிருக்கிறேன். ஐந்து வயதுக்கு முன்னாலேயே பாலர் வகுப்பில் சேர்த்தேன். அங்கே யார் பூ, யார் நார் என்று விசாரிக்காமல் சேர்த்ததுதான் என் தப்பு.

சேர்த்த கொஞ்ச நாளிலேயே வீட்டுக்குள் வேற்று மனிதர்களின் குணங்கள் வர ஆரம்பித்தன. ஒருநாள் ரொட்டியின் ஓரத்தையெல்லாம் பிய்த்து வைத்துவிட்டு நடுப்பாகத்தை மட்டும் சாப்பிட்டாள். ஏன் என்று கேட்டால், ரொட்டிக்கடைக்காரரின் இரட்டைப் பிள்ளைகள் அப்படித்தான் சாப்பிடுவார்களாம். கடை வைத்திருக்கிறவர் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகும், நமக்கு ஆகுமா. இன்னொரு நாள் குளிக்கக் கூப்பிட்டால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் இப்ப மீட்டிங்ல இருக்கேன்" என்கிறாள். அது பல் டாக்டரம்மாவின் மகனிடமிருந்து வந்தது. மூக்கைச் சட்டைக் கையில் துடைப்பது யாரிடமிருந்து வந்தது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன் அக்கா. உன் தம்பி பெண்டாட்டிதான், "பிள்ளைன்னா அப்படித்தான் இருக்கும், விடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வேலைக்குப் போய்விடுவாள். அவளுக்கென்ன, டாக்ஸி கம்பெனியில் நாள் பூரா போன் எடுத்து, தொலைந்துபோன ஆட்களுக்கெல்லாம் வழி சொல்லிப் பழகினவள். எதற்கும் பதற மாட்டாள். வீட்டில் பதறுகிற வேலை முழுக்க என் தலையில்தான். (மேலே தாங்கள் தாங்கள் என்று எழுதினேன், இனிமேல் வராது. விஷயம் அந்த மாதிரி.)

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். ஒருநாள் சாயங்காலம் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து ஷூவைக் கழற்றிவிட்டுக் கூடத்தைக் கடந்து போனாள். வலது கால் நேராகப் போகிறது, இடது காலை விறைப்பாக வைத்து, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, இழுத்து வைக்கிறாள். இழுத்து வைக்கும்போதெல்லாம் வாய்க்குள்ளேயே "டொக்" என்கிறாள். முள்ளா, கொப்புளமா என்று காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வலிக்குதா என்றால் இல்லை என்கிறாள். மறுநாளும் அப்படியே. எலும்பு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் நடக்கச் சொன்னார். சுவரிலிருந்து கதவுவரை சாய்ந்து சாய்ந்து நடந்து காட்டினாள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பெல்லாம் அதது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்றார். பிறகு அவளிடமே குனிந்து கேட்டார்.

"அப்புறம் ஏம்மா இப்படி நடக்கறே?"

"இப்படித்தான் நடக்கணும்."

அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து, நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "ஓ, ஷூ கடையா" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்த "ஓ" இன்னும் என் காதில் இருக்கிறது அக்கா.

ஏனென்றால் உனக்கே தெரியும், நான் அந்தக் கடையில் சும்மா நிற்கிறவன் இல்லை. பிள்ளைகள் பிரிவு என் பிரிவு. அழுகிற பிள்ளை, உதைக்கிற பிள்ளை, காலை மடக்கிக்கொண்டு விரலைக் காட்டாத பிள்ளை எல்லாம் என் கையில்தான் ஷூ போட்டிருக்கிறது. கட்டைவிரலால் நுனியை அழுத்திப் பார்த்தே இந்த ஷூ எத்தனை மாதம் வரும் என்று சொல்வேன். அப்படிப்பட்டவன் பெற்ற பிள்ளை சாய்ந்து நடந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான். நினைக்க வேறு ஆள் தேவையில்லாமல் நானே நினைத்தேன். அவள் ஷூவை மாற்றினேன். அதற்குள் மெத்து வைத்தேன். எடுத்துவிட்டு வேறு மெத்து வைத்தேன். வீட்டுத் தரை சமமாக இருக்கிறதா என்று கோலிக்குண்டை உருட்டிப் பார்த்தேன். அது கட்டிலுக்கடியில் போய்விட்டது, தரைமேல் சந்தேகப்பட்டு இரண்டு நாள் போனது. இதற்கிடையில் பிள்ளை வெறுங்காலோடும் அதே மாதிரிதான் நடந்தாள். அதிலிருந்தே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

அப்புறம்தான் ரொட்டிக்கடைக்காரர் கடைக்கு வந்தார். சும்மா வரவில்லை, இரட்டைப் பிள்ளைகளின் ஷூக்களைப் பெட்டியோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். "ரெண்டும் நொண்டுது. ரெண்டும் ஒரே காலு. உங்க கடை ஷூதான்" என்றார். அவர் போனதும் பல் டாக்டரம்மா வந்தார். அவர் பிள்ளையும் அப்படித்தான். அதற்கப்புறம் வந்தவர்களையெல்லாம் எழுதினால் தபால் எடை கூடிவிடும். அந்த வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு நான்தான் ஷூ போட்டுவிட்டவன். அத்தனையும் இடது கால். முதலாளி அதிகம் பேசாத மனிதர். கல்லாவில் உட்கார்ந்தபடி என்னையும் அந்தப் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்துட்டு வா. தப்பு நம்ம பேர்ல இருந்தா சொல்லிடு" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருஷ உழைப்பும் அந்த ஒரு வார்த்தையில் ஊசலாடியது.

போனேன். பிள்ளைகள் வகுப்பிலிருந்து விளையாட்டு இடத்துக்குப் போகும் நேரம். டீச்சர் என்னைத் தாழ்வாரத் தூணோரம் நிற்கச் சொன்னார். வகுப்புக் கதவு திறந்தது. வரிசை வந்தது. அக்கா, நான் எவ்வளவோ பிள்ளைகளை நடக்கவிட்டுப் பார்த்தவன், அந்த மாதிரி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி சாய்கிறார்கள், ஒரே மாதிரி இழுத்து வைக்கிறார்கள், ஒரே நேரத்தில் "டொக்" என்கிறார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஏதோ பெரிய பொறுப்பைச் சுமந்து போகிறவர்கள் மாதிரி அப்படி ஒரு கவனம். வரிசை என்னைக் கடந்து போகும்போது வேறொரு "டொக்" கேட்டது. அது வாயிலிருந்து வந்தது இல்லை. வரிசையின் கடைசியில், இடது காலில் முழங்கால்வரை இரும்புப் பட்டை மாட்டிய ஒரு சின்னப் பெண் வந்துகொண்டிருந்தாள். அவள் அடி எடுத்து வைக்கும்போது பட்டை தரையில் தட்டும் சத்தம் அது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே சாய்ந்து வந்தது என் மகள். என்னைப் பார்த்தாள், ஆனால் பேசவில்லை. வரிசையில் பேசக் கூடாதாம்.

அந்தப் பெண்ணின் ஷூ என் கடையில் வாங்கினது இல்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்கென்றே செய்தது. ஆக, என் ஷூமேல் தப்பில்லை, நான் தப்பித்தேன் என்று ஒரு கணம் மூச்சு விட்டேன். பிள்ளைகள் ஒரு பிள்ளையைப் பார்த்துச் செய்கிறார்கள், அவ்வளவுதானே, போய்ச் சொன்னால் தீர்ந்தது. டீச்சரிடம் இதை ஏன் முதலிலேயே பெற்றோரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் அமைதியாகச் சொன்னார். நிறுத்தச் சொல்லிப் பார்த்தாராம். அவர் கண்முன்னால் நிறுத்திவிட்டு, கண் மறைந்ததும் தொடர்ந்தார்களாம். "நான் சொன்னா ஒரு நாளைக்குக் கேட்பாங்க. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பிள்ளை சொன்னா வருஷம் முழுக்கக் கேட்பாங்க. இதைப் பெத்தவங்ககிட்ட சொன்னா என்ன ஆகும்? அந்தப் பிள்ளையை வேற வகுப்புல போடுங்கன்னு சொல்லுவாங்க. அவ என்ன பண்ணினா?" என்றார்.

அந்த நேரம் பார்த்து அந்தப் பெண்ணின் அம்மா வந்தார். மருந்துக்கடையில் வேலை. கூட்டம் வருவதற்கு முன்னால் பிள்ளையைக் கொண்டுவிட்டு, கூட்டம் கலைந்தபிறகு கூட்டிப்போகிறவர் என்பதால் மற்ற பெற்றோர் யாரும் அவர்களைக் கண்டதே இல்லை. அன்று நேரம் தவறி முன்னாலேயே வந்திருந்தார். வெளியில் பிள்ளைகள் நடப்பதைச் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். நேராக வகுப்புக்குள் போய்ப் பிள்ளையின் பையை எடுத்தார், தண்ணீர்ப் புட்டியை எடுத்தார், மாட்டியிருந்த மேல்சட்டையை எடுத்து மடித்தார். டீச்சர் என்ன என்று கேட்டதற்கு, முன்பு இருந்த பள்ளியிலும் இப்படித்தான் கேலி செய்தார்கள், அங்கே ஷூவை ஒளித்து வைத்தார்கள், இங்கே வகுப்பே சேர்ந்து செய்கிறது என்றார். சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. "எத்தனை இடத்துலேர்ந்துதான் இவளைத் தூக்கிட்டு ஓடறது" என்று மட்டும் சொன்னார்.

எனக்கும் அவருக்கும் அறிமுகம் இல்லை. நடுவில் பேச எனக்கு என்ன உரிமை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "அம்மா, என் பொண்ணும் அந்த வரிசையில இருக்கா. அவ வீட்டுலயும் அப்படித்தான் நடக்கறா. குளியலறைக்குப் போகும்போதும் அப்படித்தான், நான் பார்க்கறேன்னு தெரியாதப்பவும் அப்படித்தான். கேலி பண்றவங்க ஆள் இல்லாத இடத்துல பண்ண மாட்டாங்க. கேலிக்கு நாலு பேர் சிரிக்கணும். இங்க ஒருத்தரும் சிரிக்கலை" என்றேன். அவர் மேல்சட்டையை மடித்த கையோடு நின்றார். பிறகு சன்னலருகே போய்ப் பார்த்தார். வெளியே அவர் மகள் மணல் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அவள் சொன்ன இடத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா பையைத் திரும்ப ஆணியில் மாட்டவில்லை, வெளியேயும் எடுத்துப் போகவில்லை. நாற்காலியில் வைத்துவிட்டு, பார்க்கிறேன் என்றார்.

அடுத்து பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் சாப்பிடும் அறையில் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியிலேயே எங்களையும் உட்கார வைத்தார்கள். முழங்கால் மோவாயை இடிக்க, யாரும் கோபத்தை ஒழுங்காகக் காட்ட முடியவில்லை. முதலாளியும் வந்திருந்தார். கனத்த உடம்பு. அவர் எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. ரொட்டிக்கடைக்காரர், "காரணம் தெரியணும். தரையா, தண்ணியா, ஷூவா?" என்று கேட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி நாற்காலியில் மருந்துக்கடை அம்மா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் நாக்கு நுனியில் உண்மை இருந்தது அக்கா. ஒரு வாக்கியம் போதும், என் பேர் தப்பித்துவிடும். அதன்பிறகு இந்த அறையில் இருக்கிற எல்லாக் கண்ணும் அந்தச் சின்னக் காலைத்தான் பார்க்கும்.

"ஷூ குதிகால் கொஞ்சம் விறைப்பா வந்துடுச்சு. எல்லாத்தையும் கொண்டு வாங்க, தட்டி மிருதுவாக்கித் தரேன்" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து ஷூக்கள் குவிந்தன. ஒரு பழுதும் இல்லாத ஷூவை மரச்சுத்தியால் தட்டுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா. தட்டித் தட்டிக் கடைசியில் சில ஷூக்கள் உண்மையிலேயே கெட்டுப்போயின. வேலை முடிந்ததும் முதலாளி என்னைக் காலுறைப் பிரிவுக்கு மாற்றினார். காலுறை நல்ல சரக்குதான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே யாரும் அழுவதில்லை, உதைப்பதில்லை, யாரையும் நடந்து காட்டச் சொல்ல வேண்டியதில்லை. ஜோடி ஜோடியாக மடித்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க நின்றேன். வீட்டில் உன் தம்பி பெண்டாட்டியிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். "நல்லதுதான் பண்ணியிருக்கீங்க, ஆனா இதுக்கு ஏன் முகத்தை இப்படித் தூக்கி வெச்சுக்கறீங்க" என்றாள். புகழ்ச்சியா திட்டா என்று அவளிடம் எப்போதும் தெரியாது.

பிள்ளைகள் அதற்கப்புறமும் சில நாள் சாய்ந்துதான் நடந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் இரண்டாம் தடவையும் வந்து முறைத்துவிட்டுப் போனார். பிறகு ஒரு வாரத்தில் எல்லாம் தானாக நின்றது. எப்படி என்றால், பல் டாக்டரம்மாவின் மகனுக்கு முன்பல் விழுந்தது. அவன் வாயில் "ச" வரவில்லை. உடனே வகுப்பில் ஒருவருக்கும் "ச" வரவில்லை. எல்லாப் பல்லும் முத்து மாதிரி இருக்கிற என் மகள், "தாப்பாடு வேணாம்பா, தட்டை மாத்தணும்" என்கிறாள். அது சட்டை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. டாக்டரம்மா ஊரிலுள்ள பிள்ளைகளின் வாயையெல்லாம் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை கடவுள் ஷூவைக் காப்பாற்றினார்.

பள்ளிக்கூடத்திலும் டீச்சர் வரிசையையெல்லாம் மாற்றிவிட்டாராம். அந்தப் பெண் அங்கேயேதான் படிக்கிறாள். போன வாரம் அவள் அம்மா கடைக்கு வந்தார். என்னைக் காலுறைகளுக்கு நடுவில் பார்த்தார். நேராகக் கல்லாவுக்குப் போய் முதலாளியிடம், "உங்க ஷூ மேல தப்பில்ல. என் பொண்ணைப் பார்த்துத்தான் பிள்ளைங்க அப்படி நடந்தாங்க. அவர் அதைச் சொல்லாம இருந்துட்டார். நான் சொல்லிடணும்னு வந்தேன்" என்றார். முதலாளி தலையை மட்டும் ஆட்டினார். கடை சாத்தும் நேரம் நான் உட்காரும் குட்டை முக்காலியைக் காலால் தள்ளிக்கொண்டே போய்ப் பிள்ளைகள் பிரிவில் விட்டார். அதுதான் உத்தரவு. மறுநாள் முதல் ஆளாகப் போய் அதில் உட்கார்ந்தேன்.

இப்போது இந்தக் கடிதத்தின் நோக்கத்துக்கு வருகிறேன். எல்லாம் சுபமாக முடிந்ததே, பிறகென்ன என்று நீ கேட்பாய். முடியவில்லை அக்கா. என் மகள் சொந்தமாக ஒன்றும் செய்வதில்லை. ரொட்டி ஓரம் ஒருவன், மீட்டிங் ஒருவன், பல் ஒருவன், கால் ஒருத்தி. இந்தக் கூட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவளும் சாய்கிறாள். இன்றைக்குக் கால், நாளைக்குக் கிணற்றில் குதிக்கலாம் என்று ஒரு பிள்ளை சொன்னால்? வெள்ளைத் துணி மாதிரி அனுப்பினேன், ஆளாளுக்கு ஒரு சாயம் ஏற்றி அனுப்புகிறார்கள். அதனால் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, ஆறு வயதுவரை வீட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். அவள் அம்மா சம்மதிக்க மாட்டாள். நீ சொன்னால் கேட்பாள். நீ ஆரம்பித்துவைத்த காரியம், நீயே முடித்துவைக்க வேண்டும். தாங்கள் (கேட்கிற இடம் என்பதால் மரியாதை திரும்ப வந்துவிட்டது) இதை அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். அவர் செருப்பு வார் இன்னும் உறுத்தினால் அனுப்பிவைக்கவும். இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். உங்கள் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும். கடைசிக்கு ஒத்திவைத்த சுகம் இதோ: நாங்கள் எல்லோரும் ஓரளவுக்குச் சுகம்.

என்றும் தங்கள் சொல் தட்டாத
தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது மகள் வந்தாள். யாருக்கு என்று கேட்டாள். அத்தைக்கு என்றேன். படிக்கச் சொன்னாள். புரியாது என்ற தைரியத்தில் படித்தேன். கால் பற்றிய இடம் வந்ததும், "தப்பா எழுதியிருக்கீங்க" என்றாள். என்ன தப்பு என்றேன்.

"அவங்க எனக்குத் தொல்லித் தரலை. நான்தான் முதல்ல நடந்தேன். அப்புறம் எல்லாருக்கும் நான்தான் தொல்லிக் குடுத்தேன்."

"எதுக்கு?"

"அவ கடைதில தனியா வந்தா. நாங்க போய் விளையாடி முடித்தப்புறம் வந்தா. அவளை மாதிரி நடந்தா எல்லாரும் ஒண்ணாப் போயிடலாம்ல."

சரி, வீட்டில் எதற்கு அப்படி நடந்தாய் என்று கேட்டேன். வீட்டில் வேகமாக நடந்தால் பள்ளிக்கூடத்தில் மறந்துபோய்விடுமாம். பிறகு ஏன் நிறுத்தினாய் என்றேன். இப்போது டீச்சர் அந்தப் பெண்ணை வரிசையில் முதலாவதாக நிற்க வைத்திருக்கிறாராம். எல்லாரும் அவளுக்குப் பின்னால்தானே வரவேண்டும், அப்புறம் எதற்கு என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

ஆகவே அக்கா, மேலே கேட்டுக்கொண்டதைச் செய்ய வேண்டாம். அவள் அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். ரொட்டிக்கடைக்காரர் காதில் இது விழாமலிருக்க மட்டும் வேண்டிக்கொள். நாளைக்குச் சீக்கிரமாகக் கொண்டுவிடச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு அடுத்த இடத்துக்கு இப்போது வகுப்பில் பெரிய போட்டியாம்.